நான் திருத்திக் கொடுத்த கண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. இடம், லண்டன் இல்ஃபோர்டில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என் ஸ்டூடியோ. கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று எங்கள் சனத்தின் விசேஷங்களுக்குப் படம் எடுப்பதுதான் என் தொழில். ஜெர்மனியில் இருந்த காலத்திலேயே தொடங்கியது. இங்கே வந்த பிறகும் அதுதான் சோறு போடுகிறது.

தொழிலைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. படம் எடுப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி, எடுத்த படத்தைக் கணினியில் போட்டுத் திருத்துவது. பருவை எடுக்க வேண்டும், கண்ணுக்குக் கீழே கருவளையத்தை அழிக்க வேண்டும், நாடிக்குக் கீழே தொங்குவதை உள்ளே தள்ள வேண்டும், இடுப்பை ஒரு சுற்றுக் குறைக்க வேண்டும். யாரும் வாய் திறந்து "என்னை மெலிவாக் காட்டுங்கோ" என்று கேட்க மாட்டார்கள். "தம்பி, வடிவா வரட்டும்" என்பார்கள். அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். திருத்தியது தெரியாமல் திருத்துவதில் நான் கெட்டிக்காரன் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. உண்டு என்ன, நிறையவே உண்டு.

அன்று மாடிப்படி ஏறி வந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கும் மினிபஸ் ஓட்டுபவர். பதினைந்து வருடமாக அந்த வேலைதான். முந்தின செப்டம்பரில் நடந்த அவருடைய மகளின் கல்யாணத்துக்கும், அதற்கு முன்பு அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் படம் எடுத்தேன். கையில் ஒரு பெரிய பை வைத்திருந்தார். பைக்குள் நான் செய்து கொடுத்த மூன்று அல்பங்கள் இருந்தன.

முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இடது கண் இமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நாடியைத் தூக்கித்தான் அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் சோபாவில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓர்டர் இன்னும் கைக்கு வரவில்லை, மாதிரி அல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். சில மாதமாக இமை இப்படி விழுகிறது. ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியிருக்கிறார். அவர்கள், வயது போனால் இமைத் தசை தளர்வதுதான், சின்ன ஒப்பரேஷன் செய்து தூக்கிக் கட்டிவிடலாம் என்று நாளும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்டும் வந்திருக்கிறது. அங்கே இருந்த இளம் டொக்டர், எப்போதிருந்து விழத் தொடங்கியது என்று பார்க்கப் பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அக்கா என் அல்பங்களைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். செப்டம்பர் மாதப் படத்தில் இரண்டு கண்ணும் அச்சு அசல் ஒரே அளவு. அப்படியென்றால் இது திடீரென்று வந்தது, திடீரென்று வந்தால் தலைக்குள் ஏதும் இருக்கலாம் என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே வந்து தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லைத் தம்பி" என்றார். "ஆனா கல்யாண வீட்டிலேயே என்ர மச்சாள், என்ன நித்திரை தூங்குறியோ எண்டு கேட்டவ. அப்ப அண்டைக்கே விழுந்துதானே இருக்க வேணும்? குறை நினைக்காதேங்கோ, இந்தப் படங்களில என்ர கண்ணில ஏதும் கை வைச்சனீங்களோ?"

சோபாவில் அல்பம் புரட்டும் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லை அக்கா. நாங்கள் வெளிச்சம் மட்டும்தான் கூட்டிக் குறைக்கிறனாங்கள். முகத்தில கை வைக்கிறேல்லை."

அப்பட்டமான பொய். உண்மையில் அவருடைய கண்ணில் என்ன செய்தேன் என்று அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டிருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அக்கா, "சரி தம்பி. அப்ப எனக்குத்தான் பிழையா விளங்கியிருக்கு" என்று அல்பங்களை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகப் படி இறங்கிப் போனார். ஓர்டர் கிடைத்தது.

அடுத்த நாள் காலை முதல் வேலையாக அந்தக் கல்யாணத்தின் கோப்புகளைத் திறந்தேன். திறந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. அக்காவின் வலது கண்ணை அப்படியே வெட்டி எடுத்து, இடம் வலம் மாற்றி, இடது கண் இருந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன். ஒரு படத்தில் அல்ல, நாற்பத்தொரு படத்தில். அச்சு அசல் ஒரே அளவாக இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? கல்யாணப் பொம்பிளையின் தாய் தூங்கி விழுகிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்காதே என்று நான் செய்த உபகாரம் அது. அந்த உபகாரத்தை நம்பித்தான் ஒரு டொக்டர் தலைக்குள் ஏதோ இருக்கிறது என்று பயப்பட்டிருக்கிறார். அதைக் கேட்டு ஒரு மனுஷி நித்திரை இல்லாமல் கிடக்கிறார். என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டெலிபோனில் சொல்லத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். மஞ்சள் ஜக்கெட்டைக் கூடக் கழற்றவில்லை. இந்தக் கண்ணோடு இன்னும் பஸ் ஓட்டுகிறாரா என்று எனக்கு ஒரு பயம் வந்தது. அது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"நான் இப்ப ஓடுறேல்லைத் தம்பி" என்றார். நவம்பரில் ஒரு பின்னேரம் பிள்ளைகளைத் திரும்ப ஏற்றி வரும்போது, ரோட்டின் நடுவில் இருக்கும் வெள்ளைக்கோடு ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஒபிசுக்கு போன் அடித்து, வேறு ட்ரைவரை வரச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றே பஸ் திறப்பை ஒபிசில் ஒப்படைத்துவிட்டார். லைசென்ஸ்காரருக்கும் தானே எழுதிப் போட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. காலையில் கண் நன்றாகத்தான் இருக்கிறது, காலை ஓட்டத்தை மட்டுமாவது ஓடுங்கள் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லிப் பார்த்தார்களாம். "ரெண்டாத் தெரியிற கண்ணோட மற்றவையின்ர பிள்ளையளை ஏத்தலாமோ?" என்று கேட்டுவிட்டு, அதே பஸ்ஸில் பிள்ளைகளுக்குத் துணையாகப் பின் சீட்டில் இருந்து போகும் வேலையை வாங்கிக்கொண்டார். தான் பதினைந்து வருடம் ஓட்டிய பஸ்ஸை வேறு ஒருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டு போகிறார். எப்படியாவது சீக்கிரம் ஒப்பரேஷனைச் செய்துகொண்டு திரும்ப பஸ் ஓட்டத் தொடங்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே அவசரம்.

இதைக் கேட்ட பிறகு, என் பொய்யை நினைத்து நான் இன்னும் சிறுத்துப் போனேன். வெள்ளைக்கோடு இரண்டாகத் தெரிந்த உடனே சொன்னவரிடம், நான் ஒரு ஓர்டருக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, செவ்வாய்க்கிழமை நான் சொன்னது பொய். உங்கட கண்ணை நான்தான் மாத்தினனான்."

அவர் எழுந்து குசினிக்குள் போனார். ஏசுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, மேசையடியில் எனக்கு உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"திருத்தாத படங்கள் இருக்கோ?"

"எல்லாம் இருக்கு அக்கா."

"அப்ப காட்டுங்கோ பாப்பம்."

ஒவ்வொன்றாகக் காட்டினேன். சொந்த மகளின் கல்யாணத்தில் தன் முகம் அப்படி இருப்பதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? வேறு ஆளாக இருந்தால் போதும் மூடுங்கள் என்றிருப்பார்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். ஒரு படத்தில் சம்பந்தியம்மாவைப் பார்த்து ஒற்றைக் கண்ணால் முழித்துக்கொண்டு நிற்கிறார். "பாவம் அந்த மனுசி, நான் கண்ணடிக்கிறன் எண்டெல்லோ நினைச்சிருக்கும்" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பத்துப் பதினைந்து படம் பார்த்திருப்போம். திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தப் படம் எத்தினை மணிக்கு எடுத்தது?" என்று கேட்டார். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும், அதைக் காட்டினேன். உடனே போய்த் தன் வேலைப் பையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். பஸ் எடுக்கும் முன்பு ட்ரைவர்மார் டயர், லைட், பிரேக் எல்லாம் பார்த்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடும் தாள். பதினைந்து வருடம் ஒருநாள் தவறாமல் அதை நிரப்பியவர். அதன் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் நேரம், மறு பக்கம் கண் என்று எழுதினார். என்னை நேரம் வாசிக்கச் சொல்லிவிட்டுத் தானே தன் கண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். காலை அலங்காரம், நல்லா இருக்கு. தாலிகட்டு, கொஞ்சம் விழுந்திருக்கு. மத்தியானச் சாப்பாடு, பாதி. பின்னேரம் கேக் வெட்டு, முழுக்கண்ணும் மூடல். நடுவில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ஒரு படத்தில் இமை நன்றாக மேலே போயிருந்தது.

"அதுக்கு முதல் உடுப்பு மாத்திற அறையில கொஞ்ச நேரம் சரிஞ்சு படுத்தனான்" என்றார். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேலை செய்யச் செய்ய விழுது, படுத்தா எழும்புது. இது வயது போனதில்லைத் தம்பி. வயதெண்டா காலமை எடுத்த படத்திலயும் விழுந்துதானே இருக்க வேணும்?"

நான் அதே படங்களை எத்தனை மணித்தியாலம் கிட்ட வைத்துப் பார்த்தவன். இமைக்கு ஒட்டுப் போடத் தெரிந்ததே ஒழிய, இது எனக்குத் தெரியவில்லை. அவர் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை என்னையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். டொக்டர் ஏதும் கேட்டால் நீங்கள்தான் விளங்கப்படுத்த வேண்டும் என்றார். படங்களை நேர வரிசைப்படி பிரின்ட் போட்டுக்கொண்டு, குற்றவாளிக் கூண்டுக்குப் போகிறவன் மாதிரித்தான் கூடப் போனேன். அன்று பெரிய டொக்டர் இருந்தார். தமிழ்நாட்டுக்காரப் பெண், என்னைவிட வயது குறைவு. அல்பத்தை ஏன் நம்பக்கூடாது என்பதை அக்கா சொல்லவில்லை, என் பக்கம் திரும்பி என்னைச் சொல்ல விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அக்காவின் தாளையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த டைம் எல்லாம் கரெக்டா இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

அங்கேதான் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இங்கே கோடைகாலத்துக்கு மணிக்கூட்டை எல்லாரும் ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாற்றும்போது, கமெராவில் நான் மாற்றுவதே இல்லை. "எல்லாத்துக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டிப் பாருங்கோ" என்றேன். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, கூட்டிக்கிறேன்" என்றார்.

பிறகு அக்காவைச் சுவரில் உயரத்தில் இருந்த ஒரு புள்ளியைத் தலையை அசைக்காமல் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, இடது இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து கண்மணியை மூடிவிட்டது. பிறகு ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு, பேப்பர் துண்டால் சுற்றி, கண்ணை மூடச் சொல்லி இமையின் மேல் வைத்தார். இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்றார். ஐஸை எடுத்துவிட்டு, திறவுங்கள் என்றார். அக்கா கண்ணைத் திறந்தார்.

இடது கண் முழுதாகத் திறந்தது. காலை அலங்காரப் படத்தில் இருந்த அதே கண். என் வாழ்க்கையில் எத்தனையோ முகத்தை வடிவாக்கியிருக்கிறேன், அந்தக் கண் திறந்ததைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன தம்பி, எனக்கு ஐஸ் வைக்க உங்கட கண்ணால தண்ணி வருது" என்றார் அக்கா.

டொக்டர் ஆறுதலாக எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார். நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தி சரியாகப் போய்ச் சேராமல், தசை சீக்கிரம் களைத்துப் போகும் நோயாம். இமை விழுவதற்குப் பல காரணம் உண்டு, காரணத்துக்குத் தக்க மாதிரித்தான் வைத்தியம் என்றார். வயதால் தசைநார் தளர்ந்தவர்களுக்கு ஒப்பரேஷன் மிகவும் நல்லது. ஒப்பரேஷன் வேண்டாதவர்களுக்குக் கண்ணாடிச் சட்டத்திலேயே சின்னக் கம்பி வைத்து இமையைத் தாங்கலாம், சிலருக்கு டேப் ஒட்டலாம், சிலருக்குச் சொட்டு மருந்தும் உண்டு. அக்காவுக்கு முதலில் குளிசை மருந்துதான். "இப்ப தூக்கித் தெச்சிருந்தா, மருந்துல தசை சரியானதும் அந்தக் கண்ணு மூடாமலே நின்னிருக்கும்" என்றார். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வர வேண்டும் என்றும் சொன்னார். வந்த இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று தலை ஸ்கேனையும் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனை டொக்டர் சொன்னதை உறுதிப்படுத்தியது. தனியார் கிளினிக்குக்கு அக்கா அன்றே போன் அடித்து, ஒப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் குளிசை வயிற்றைப் பிரட்டியது. அளவை மாற்றினார்கள், இன்னொரு மருந்தும் சேர்த்தார்கள். தினமும் மூன்று நேரம் போனில் கண்ணைப் படம் எடுத்து வைக்கச் சொன்ன டொக்டர், போன் தானாகவே முகத்தை அழகாக்குவதைக் கண்டு அதை முதலில் நிறுத்தச் சொன்னாராம். இதை அக்கா எனக்கு வேண்டுமென்றே இரண்டு தரம் சொன்னார். மாதக் கணக்காக அவர் பின் சீட்டில்தான் போனார். இரட்டைப் பார்வை முழுதாக நின்று, டொக்டர் கடிதம் கொடுத்து, லைசென்ஸ்காரர் சரி சொல்லி, அடுத்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளில்தான் திரும்ப ஸ்டியரிங்கில் கை வைத்தார். அன்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் பஸ்ஸே ஆடியது என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது ஓர்டர் எடுக்கும்போதே, உங்கள் முகத்தில் இதை இதைத்தான் மாற்றுவேன், திருத்தாத படங்களும் ஒரு டிஸ்கில் தருவேன் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்தது. கடைசியில் ஒருநாள் அக்காவிடமே கேட்டேன். அன்றைக்கு நான் வந்து பொய்யை ஒப்புக்கொண்டபோது ஏன் ஒரு சொல்கூட ஏசவில்லை?

"ஏசியிருந்தா நீங்கள் எழும்பிப் போயிருப்பியள் தம்பி. பிறகு படங்களை ஆர் காட்டுறது?" என்றார். "முதல்ல படத்தைப் பாப்பம், கோவம் பிறகு வரட்டும் எண்டு விட்டனான். பிறகு பாத்தா அது வரவேயில்லை."

நான் சட்டென்று கோபம் வருகிறவன், இன்றும் வருகிறது. ஆனால் என்னிடம் யாராவது தன் பிழையைச் சொல்ல வந்து நிற்கும்போது, வாயைத் திறக்கும் முன்பு எழுந்து போய் அவருக்கு ஒரு கதிரை எடுத்துப் போடும் பழக்கம் அந்த அக்காவால்தான் எனக்கு வந்தது.